கட்டம் இருக்கிறது, ஆட்டம் எங்கே?

நஞ்சன்கூடு கோயிலில் சிலையாக நிற்கும் மைசூர் மகாராஜா, விளையாட்டுகளைச் சேர்ப்பதிலேயே வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவர். பழைய வீடியோ கேம் பெட்டிகளைத் தேடி அலையும் இன்றைய சேகரிப்பாளர்களுக்கு அவர் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

மைசூரிலிருந்து ஊட்டிக்கும் குண்டலுப்பேட்டைக்கும் போகும் பஸ்கள் தெற்கே 25 கி.மீ. தூரம் ஓடியதும் கபினி ஆற்றைக் கடக்கின்றன. பக்கத்திலேயே பழைய கல் பாலம் ஒன்று தெரிகிறது. மைசூர் தளவாய்கள் காலத்தில், 1735ல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் பாலம். மாட்டு வண்டிக்காகக் கட்டிய அந்தக் கல் வளைவுகள் மீது பின்னாளில் மீட்டர்கேஜ் ரயிலும் ஓடியது. பாலத்தைத் தாண்டினால் நஞ்சன்கூடு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த ஊர் மூன்று விஷயங்களுக்காகத் தெரியும். ரசவாழை, ரோஸ் நிறப் பல்பொடி, ஸ்ரீகண்டேஸ்வரர். நஞ்சுண்ட சிவன் உறையும் கோயில் என்பதால் நோய் தீர்க்கும் தலம் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. திப்பு சுல்தானின் யானைக்குக் கண் நோய் குணமானதால் அவர் பச்சை லிங்கம் ஒன்றைக் காணிக்கை தந்து, சுவாமியை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்தார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. ஆற்றில் முழுகி, முடி கொடுத்துவிட்டு ஈரத் துணியோடு வரும் கூட்டம் நாள் முழுக்க ஏழு நிலைக் கோபுரத்தின் கீழ் நுழைந்துகொண்டே இருக்கிறது. உள்ளே பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையாக நிற்கிறார்கள். சேலத்திலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வருகிறவர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்று சொந்த ஊர்க் கோயிலை நினைத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடும் சிலைகள் சில உண்டு. நாயன்மாரும் அல்ல, தெய்வமும் அல்ல. மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் அவருடைய அரசியரும். கன்னடத்தில் மும்மடி கிருஷ்ணராஜர். 1849ல் இந்தக் கோபுரத்தைக் கட்டியவர் அவருடைய அரசிகளில் ஒருவரான தேவிரம்மண்ணி.

வேலையில்லாத ராஜா

மும்மடியாரின் வாழ்க்கை விசித்திரமானது. 1794ல் பிறந்தவர். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டதும், ஐந்து வயதுகூட நிரம்பாத அந்தப் பிள்ளையை ஆங்கிலேயர் கூட்டிவந்து சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். திவான் பூர்ணய்யா நாட்டைப் பார்த்துக்கொண்டார். வளர்ந்து ஆட்சியைக் கையில் எடுத்த ராஜா இருபது ஆண்டுதான் ஆண்டார். நகர் பகுதியில் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தது. நிர்வாகம் சரியில்லை என்று காரணம் சொல்லி 1831ல் ஆங்கிலேயர் ஆட்சியைப் பறித்துக்கொண்டார்கள். பட்டம் இருந்தது, அரண்மனை இருந்தது, அதிகாரம் இல்லை. 1868ல் கண்ணை மூடும்வரை 37 ஆண்டுகள் நாட்டைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். ஆட்சி திரும்பக் கிடைத்தது 1881ல், அவருடைய தத்துப்பிள்ளைக்கு.

அந்த 37 ஆண்டுகளில் அவர் கோயில்களுக்குக் கொடுத்தார். பண்டிதர்களையும் ஓவியர்களையும் வைத்து நூல்கள் செய்தார். விளையாட்டுகளைச் சேர்த்தார், புதிதாக உருவாக்கவும் செய்தார். சதுரங்கம், பரமபதம், சொக்கட்டான், சீட்டு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1861ல் மைசூரில் அவர் கட்டிய ஜகன்மோகன் அரண்மனையின் ரங்கமகால் சுவர்களில் ஆட்டக் கட்டங்களை இன்றும் பார்க்கலாம். தெய்வ உருவங்களுக்கும் ராஜ வம்சப் படங்களுக்கும் பக்கத்திலேயே அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

சதுரங்கத்தில் அவருக்குக் குதிரை மீதுதான் காதல். 64 கட்டங்களிலும் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு முறை மட்டும் கால்வைத்து குதிரை பலகை முழுவதையும் சுற்றிவர வேண்டும். இது பழைய புதிர். தமிழ் வைணவர்களுக்கு இது அந்நியமானதல்ல. வேதாந்த தேசிகர் பாதுகா ஸகஸ்ரத்தின் சித்திரப் பத்ததியில் இதையே கவிதையாகச் செய்து காட்டியிருக்கிறார். ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளைக் கட்டங்களில் நிரப்பி, குதிரை தாவும் வழியில் படித்தால் இன்னொரு சுலோகம் கிடைக்கும். மைசூர் மகாராஜா எழுத்தை விட்டு எண்ணைப் பிடித்தார். குதிரை போகும் வரிசையில் 1 முதல் 64 வரை எண் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் எந்தக் குறுக்கு வரிசையைக் கூட்டினாலும் நெடுக்கு வரிசையைக் கூட்டினாலும் 260 வர வேண்டும். ஐரோப்பாவில் வில்லியம் பெவர்லி என்பவர் இப்படி ஓர் ஓட்டத்தை 1848ல் வெளியிட்டார். மைசூர் ராஜாவின் பெயரிலும் இப்படிப்பட்ட ஓட்டம் கணிதப் புதிர் நூல்களில் இடம்பிடித்திருக்கிறது.

ஒன்பது நிதி, கடைசி நிதி

மகாராஜாவின் பெரிய சேகரிப்பு 'ஸ்ரீதத்துவநிதி' என்ற சித்திர நூல். சக்தி நிதி, விஷ்ணு நிதி, சிவ நிதி என்று ஒன்பது பகுதிகள். கடைசிப் பகுதி கௌதுக நிதி, அதாவது விநோதங்களின் களஞ்சியம். விளையாட்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

வட்டச் சீட்டான கஞ்சிபாவை மொகலாயர்கள் கொண்டுவந்தார்கள். 1527ல் சிந்து நாட்டு நண்பருக்கு கஞ்சிபா அனுப்பியதாக பாபர் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். மொகலாயக் கட்டில் 96 சீட்டு. அது தெற்கே வந்து தசாவதாரக் கஞ்சிபாவாக மாறியபோது பத்து அவதாரம், அவதாரத்துக்குப் பன்னிரண்டு என்று 120 ஆனது. மும்மடியாருக்கு அது போதவில்லை. 'சட்' என்ற பெயரில் வரிசையாகப் புதுச் சீட்டாட்டங்களை வகுத்தார். சாமுண்டேஸ்வரி சட்டில் 16 இனம், இனத்துக்கு 20 சீட்டு, மொத்தம் 320. எந்தச் சீட்டில் எந்தத் தெய்வம், என்ன நிறம் என்பதெல்லாம் நூலில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் ஆடியது யார்? அரண்மனைக்கு வெளியே இந்த ஆட்டங்கள் பரவியதாகத் தெரியவில்லை. 320 சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட ராஜாவின் ஓய்வும் ராஜாவின் சகாக்களும் வேண்டும். ராஜா போனார், சகாக்கள் போனார்கள். சீட்டுகள் மியூசியங்களுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தன. பம்பாயில் வாழ்ந்த ஜெர்மானியக் கலை விமர்சகர் ருடால்ப் வான் லெய்டன் இந்தியா முழுவதும் கஞ்சிபாவைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்தார். அதனால்தான் 1982ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு கண்காட்சியே வைக்க முடிந்தது. அழகான சீட்டுகள். கண்ணாடிக்குப் பின்னால்.

இதே கௌதுக நிதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 122 யோகாசனங்கள், படங்களோடு. அந்த ஆசனங்களுக்கு நேர்ந்த கதி வேறு. அதே ஜகன்மோகன் அரண்மனையில் 1930களில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் கற்றவர்கள். இன்று மைசூர் என்றால் உலகத்துக்கு யோகா. ஆசனங்களைச் சொல்லித்தர ஆசான்கள் இருந்தார்கள். சீட்டுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரே நூல், ஒரே பகுதி, ஒரே ராஜா. பிழைத்ததற்கும் பிழைக்காததற்கும் வித்தியாசம், உட்கார்ந்து செய்ய ஆள் இருந்தார்களா என்பது மட்டும்தான்.

பச்சைப் பலகையின் ஊர்

கோயிலை விட்டு வெளியே வந்தால் நஞ்சன்கூட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. தொழிற்பேட்டை. 1989ல் வந்த நெஸ்லே காபி ஆலை ஒரு பக்கம். மற்றொரு பக்கம், எலக்ட்ரானிக் கருவிகளுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைகளைச் செய்யும் ஆலை. முன்பு இண்டால் எலக்ட்ரானிக்ஸ் என்று இருந்த அதை 1999ல் ஆஸ்திரிய நாட்டு ஏ.டி. அண்ட் எஸ். நிறுவனம் வாங்கியது. மரப்பலகையில் கோடு போட்டால் தாயக்கட்டம். கண்ணாடி இழைப் பலகையில் தாமிரக் கோடு போட்டால் கம்ப்யூட்டர், கார், வீடியோ கேம் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒரே ஊரில் இந்த இரண்டையும் நினைக்க வேண்டியிருப்பது தற்செயல்தான். ஆனால் இரண்டுக்கும் உறவு இல்லாமல் இல்லை.

வீட்டு டி.வி.யில் இணைத்து ஆடும் முதல் பெட்டி 1972ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ரால்ப் பேயர் என்ற எஞ்சினியரின் கண்டுபிடிப்பு, பெயர் மேக்னவாக்ஸ் ஒடிசி. அதன் அட்டைப்பெட்டிக்குள் இருந்தவை எவை? பகடைக் காய்கள், சீட்டுகள், விளையாட்டுப் பணம், டி.வி. கண்ணாடி மேல் ஒட்டும் வண்ணத் தாள்கள். திரையில் தெரிந்தது சில வெள்ளைப் புள்ளிகளும் கோடும் மட்டும். சத்தம் கிடையாது. எத்தனை பாயிண்ட் என்று மனிதர்களே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதாவது முதல் வீடியோ கேம் பாதி பரமபத படம்தான். சொக்கட்டான் மரபு எங்கே முடிந்தது, டி.வி. விளையாட்டு எங்கே தொடங்கியது என்று கோடு போடுவது சிரமம்.

பிறகு வேகம் கூடியது. 1977ல் அட்டாரி. 1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோவின் பாமிகாம். இந்தியாவில் தொண்ணூறுகளில் பிள்ளைகள் ஆடியது பெரும்பாலும் அந்தப் பாமிகாமின் நகல்களைத்தான். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பலவித முத்திரைகள். சென்னை பர்மா பஜாரிலும் பெங்களூர் நேஷனல் மார்க்கெட்டிலும் குவியல் குவியலாகக் கிடைத்தன. விளையாட்டு அடங்கிய சில்லை எல்லோரும் 'கேசட்' என்றார்கள். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று லேபிளில் போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்து இருபதுதான் திரும்பத் திரும்ப வரும். வேலை செய்யவில்லை என்றால் கழற்றி, வாயால் ஊதி மறுபடியும் சொருகுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா செய்தி பார்க்க விடாமல் மாரியோவும் கான்ட்ராவும் டி.வி.யைப் பிடித்துக்கொண்ட வீடுகள் ஏராளம்.

அந்தப் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயது. அவர்கள்தான் இப்போது அதே பெட்டிகளைத் தேடுகிறார்கள்.

சுடாத துப்பாக்கி

தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. வாத்து சுடும் 'டக் ஹன்ட்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி இருக்கிறது, கேசட் இருக்கிறது, பிளாஸ்டிக் துப்பாக்கியும் இருக்கிறது. இன்றைய தட்டை டி.வி.யில் இணைத்துச் சுட்டால் ஒரு வாத்துகூட விழாது. காரணம் எளியது. விசையை அழுத்திய அந்தக் கணம் திரை முழுவதும் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழுந்தது என்று கணக்கு. பழைய பிக்சர் டியூப் டி.வி. தாமதமில்லாமல் படத்தைக் காட்டும். புதிய டி.வி. படத்தைப் பதப்படுத்திக் காட்டத் துளி நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்தத் துளி நேரத்தில் துப்பாக்கி குருடாகிவிடுகிறது. பிக்சர் டியூப் டி.வி.யை எடைக்குப் போட்டவர் விளையாட்டையும் சேர்த்தே போட்டுவிட்டார்.

ஆடிய நிலையைச் சேமித்து வைக்கும் கேசட்டுகளுக்குள் பொத்தான் பாட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால் எத்தனையோ விடுமுறைகளின் உழைப்பு அழிந்துபோகும். பெட்டிக்குள் கபாசிட்டர்கள் கசியும், இணைப்பு ஊசிகள் தேயும்.

இந்தச் சேகரிப்பின் உச்சக்கட்ட அபத்தம் 2021 ஜூலையில் அமெரிக்காவில் நடந்தது. 'சூப்பர் மாரியோ 64' என்ற 1996ம் வருடத்து விளையாட்டின் பிரிக்காத பெட்டி ஒன்று ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல். விலை, அதை யாரும் ஆடவில்லை என்பதற்காக. சாமுண்டேஸ்வரி சட் சீட்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் போனதுபோல் இதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டது.

இயந்திரம் போனால் என்ன?

இதற்கு மாற்றாக வந்ததுதான் எமுலேட்டர். பழைய பெட்டி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளும்படி இன்றைய கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் புரோகிராம். அசல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டு மொத்தமே 40 கிலோபைட்தான். செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் அதைப் போல் பல பத்து விளையாட்டுகளை அடக்கலாம். கஷ்டம் அளவில் இல்லை. அந்தப் பழைய சில் ஒவ்வொரு துடிப்பிலும் என்ன செய்தது என்பதை அலசித் தெரிந்துகொள்வதில்தான். தொண்ணூறுகளின் பாதியிலிருந்து உலகெங்கும் ஆர்வலர்கள் சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறார்கள். 1997ல் இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' இவற்றில் பிரபலமானது. காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் நடத்தையை இப்படிப் பதிவு செய்து வைக்கும் முயற்சி அது. ஒரு வகையில் இவர்கள் எழுதுவதும் கௌதுக நிதிதான்.

சட்டம் இதை அரைக் கண்ணால் பார்க்கிறது. எமுலேட்டர் செய்வதற்காகப் பெட்டியின் புரோகிராமை அலசிப் பார்ப்பது தவறல்ல என்று சோனி நிறுவனத்துக்கு எதிராக 2000ல் அமெரிக்க அப்பீல் கோர்ட் ஒன்று தீர்ப்பளித்தது. ஆனால் விளையாட்டைப் பிரதி எடுத்துப் பரப்புவது காப்புரிமைக் குற்றம். நிறுவனங்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அது அவர்கள் சொத்து. சிக்கல் என்னவென்றால், சொந்தக்காரர்களே அவற்றை விற்பதில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023ல் கணக்கிட்டது. ஆய்வாளர்களுக்கு நூலகங்கள் அவற்றை இணையம் வழியாகத் தருவதற்கு அனுமதி கேட்டபோது, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. புத்தகத்துக்குக் கிடைக்கும் சலுகை விளையாட்டுக்குக் கிடைக்கவில்லை. மும்மடியாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய ஆட்டம் அவருடைய சொத்து, எழுதி வைத்தார்.

கொச்சியிலிருந்து ஒரு ஞாபகம்

எழுத்தும் பொருளும் மட்டும் போதுமா? பிரிட்டிஷ் மியூசியத்தின் இர்விங் பிங்கல் கதையைப் பார்க்கலாம். இன்றைய இராக்கில் உள்ள ஊர் நகரத்து அரச சமாதிகளில் சுமார் 4,500 ஆண்டு பழைய விளையாட்டுப் பலகைகள் கிடைத்தன. எப்படி ஆடுவது என்று தெரியவில்லை. கி.மு. 177ல் எழுதப்பட்ட பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றைப் பிங்கல் படித்தபோதுதான் விதிகள் புலப்பட்டன. அதைவிட ஆச்சரியம் அடுத்து நேர்ந்தது. கொச்சி யூதர்களிடம் அதே சாயலில் ஒரு பலகை இருந்தது தெரியவந்தது. கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த ஒரு மூதாட்டியைத் தேடிப் போனார். சிறுமியாக இருந்தபோது வீட்டில் ஆடியது அந்த அம்மாளுக்கு ஞாபகம் இருந்தது. மியூசியத்தால் முடியாததை ஒரு பாட்டியின் ஞாபகம் செய்தது.

மைசூரிலும் இந்த உண்மையைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். மிருகக்காட்சி சாலை எதிரே உள்ள ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் 'க்ரீடா கௌசல்யா' என்ற பெயரில் பாரம்பரிய விளையாட்டுக் கண்காட்சிகளை நடத்திவருகிறது. பழைய பலகைகளைப் பார்த்துக் கைவினைஞர்களைக் கொண்டு புதிதாகச் செய்து, விதிகளையும் சேர்த்துத் தருவது அவர்கள் வழி. மகாராஜாவின் ஆட்டங்களும் அங்கே இடம்பெறுகின்றன. மறையவிருந்த மைசூர் கஞ்சிபா ஓவியத்துக்கு ரகுபதி பட் புத்துயிர் தந்தார். சென்னையில் வினிதா சித்தார்த்தாவின் 'க்ரீடா' நிறுவனம் பல்லாங்குழியையும் ஆடுபுலி ஆட்டத்தையும் மறுபடி வீடுகளுக்குள் கொண்டுபோனது. இவை காட்சிப் பொருள்கள் அல்ல. விலை கொடுத்து வாங்கி, தரையில் விரித்து, சண்டை போட்டுக்கொண்டு ஆடுவதற்கானவை. எமுலேட்டர் செய்யும் வேலையை இவர்கள் மரத்திலும் துணியிலும் செய்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

சௌகாபாரா சாட்சி

நஞ்சன்கூட்டைச் சுற்றியுள்ள இந்தச் சீமையில் தாயத்துக்குப் பெயர் சௌகாபாரா. பல்லாங்குழி இங்கே அளகுளி மணே, ஆடுபுலி இங்கே ஆடு ஹுலி. சௌகாபாராவுக்குச் சீட்டும் வேண்டாம், சில்லும் வேண்டாம். சாக்பீஸால் தரையில் ஐந்துக்கு ஐந்து கட்டம். நாலு சோழி. நாலும் மல்லாந்தால் நாலு, நாலும் குப்புற விழுந்தால் எட்டு. காய்க்கு உடைந்த வளையலோ புளியங்கொட்டையோ போதும். இதற்கு எந்த ராஜாவும் நூல் எழுத வேண்டியிருக்கவில்லை. அம்மா பெண்ணுக்குச் சொன்னாள், பெண் தன் பெண்ணுக்குச் சொன்னாள். அந்தச் சங்கிலி அறுந்தால் இதற்கும் சாமுண்டேஸ்வரி சட்டின் கதிதான். சொல்லப்போனால் அதைவிட மோசம். மகாராஜாவின் ஆட்டத்துக்கு நூலாவது இருக்கிறது. தரையில் சாக்பீஸால் போட்ட கட்டம் துடைப்பத்தோடு போய்விடும்.

பங்குனியில் தொட்ட ஜாத்திரையின்போது ஐந்து தேர்கள் நஞ்சன்கூடு வீதியில் ஓடுகின்றன. தேர் பழையதாகும், வடம் இற்றுப்போகும். மரத்தையும் கயிற்றையும் மாற்றிக்கொள்கிறார்கள். தேரோட்டம் நிற்பதில்லை, ஏனென்றால் ஆண்டுதோறும் இழுக்க ஆள் வருகிறார்கள். தேரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் யோசனை இங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

அலமாரியில் பழைய வீடியோ கேம் பெட்டியைத் துடைத்து அடுக்கி வைத்திருப்பவர் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. அசல் பெட்டியிலோ எமுலேட்டரிலோ, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவனை உட்காரவைத்து ஒரு தடவை ஆடிக் காட்டலாம். அவன் ஜெயித்துவிட்டால் இன்னும் நல்லது.